உனக்குக் காது இல்லை என்று சொன்னேன்

கார்த்தி, நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், இந்தக் கடிதத்துக்கு உனக்கு அரை நாள் ஆகும் என்று உன் அம்மா சொல்கிறாள். ஆகட்டும். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஆலையில் மேலதிகாரிக்குக் கொடுக்கும் விளக்கக் கடிதம் மாதிரி வருகிறது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை ஆரம்பிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. இன்று வியாழன். நாளை மறுநாள் உன் கல்யாணம், அதற்கு அடுத்த நாள், ஞாயிறு மாலை, புனே கேம்ப்பில் வரவேற்பு. அதற்குள் நீ இதைப் படித்து முடித்தாக வேண்டும். அம்மா பாணேரில் உன் வீட்டுக்கு வந்து உன் கையில் கொடுப்பாள். நீ உறையைப் பிரிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். படித்த பிறகு வரப்போகும் மருமகள் ஷெரினுக்கும் படித்துக் காட்டு, அவள் அப்பா அம்மாவுக்கும் காட்டு. நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை நாலு பேர் அறியத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடந்ததை என் வாயாலேயே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு நீ அதை எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்காது. ஷெரின் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை என்று கூப்பிட்டாய். அவள் பியானோ, நான் வயலின், வரவேற்பில் பத்து நிமிடம் வாசிப்பதாக ஏற்பாடு. நான் வயலினைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீ உள்ளறையிலிருந்து இன்னொரு வயலினோடு வந்து நின்றாய். பதினைந்து வருடம் கழித்து உன் கையில் வில்லைப் பார்க்கிறேன். இரண்டு வருடமாகப் பழகுகிறேன், உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, நீ வில்லை எப்படிப் பிடித்திருக்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெரின் மோகன ராகத்தில் தானே போட்ட மெட்டு. அவள் தொடங்கினாள், நீ சேர்ந்தாய். கீழே இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. மேல் ஸாவைத் தொட்டதும் எனக்குப் பல் கூசியது. நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது, கையைத் தூக்கி நிறுத்திவிட்டேன்.

"ஏல, நிறுத்து. மேல போனா சுருதி ஏறுதுல்லா. பதினாலு வயசுல சொன்னதுதான் இப்பவும். உனக்குக் காது இல்ல."

சம்பந்தி வீட்டுக் கூடம். அவள் அப்பா கையில் டீ. அவள் அம்மா பக்கோடாத் தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். நீ வில்லை இறக்கினாய். ஷெரின்தான் மெதுவாக, "அங்கிள், அவன் சரியாத்தான் வாசிச்சான். பியானோவோட ஒட்டித்தான் போச்சு" என்றாள். நான் விடுவேனா? பியானோவே சரியில்லை என்றேன். ஒரு ஸாவுக்கும் அடுத்த ஸாவுக்கும் நடுவே பன்னிரண்டு ஸ்வரத்தையும் சமபங்காகப் பிரித்து வைத்த வாத்தியம் அது, அதில் காந்தாரம் தம்பூராவோடு சேரும் காந்தாரத்தைவிட ஒரு இழை ஏறித்தான் இருக்கும், அந்தப் பியானோவைக் கேட்டு வாசிக்கிறவனும் ஏறித்தான் வாசிப்பான் என்று விளக்கினேன். நான் சொன்னது பொய் இல்லை. எந்த இசைப் புத்தகத்திலும் இருக்கும் விஷயம்தான். ஆனால் அந்தப் பெண் என்னைவிட நன்றாகப் படித்தவள். "அது காந்தாரத்துக்குச் சரி அங்கிள். ஸாவுக்கு? மேல் ஸாகூடவா ஏறுது?" என்று கேட்டாள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கீழ் ஸாவும் மேல் ஸாவும் சேரும் இடத்தில் பியானோவுக்கும் தம்பூராவுக்கும் சண்டையே கிடையாது. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். அங்கேயும் எனக்கு ஏறித்தான் கேட்டது. ஏன் என்று என் புத்தகம் எதிலும் பதில் இல்லை. பதில் இல்லாதவன் என்ன செய்வான், சத்தம் போடுவான். "நாப்பது வருசமா கேட்டுக்கிட்டு வாரேன். நேத்து வந்த பிள்ள எனக்குப் பாடம் எடுக்கியா?" என்றேன். நீ வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாய். "அப்பா, பஸ், போதும். ஞாயித்துக்கிழமை நீங்க வாசிக்க வேணாம். நானும் வாசிக்கல" என்றாய். அதோடு சரி.

இப்போது பதினாலு வயதைச் சொல்ல வேண்டும். நீ மறந்திருப்பாய் என்று நான் வசதியாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம் சிஞ்ச்வட் சொசைட்டிக் குடியிருப்பில் கணபதி சதுர்த்திப் பந்தல். மூன்றாம் நாள் மாலை பிள்ளைகளின் நிகழ்ச்சி, உன் பெயரும் பலகையில் எழுதியிருந்தது. முந்தின நாள் பந்தலில் ஒத்திகை. கீழ் வீட்டுக் குல்கர்ணி ஆர்மோனியம், நீ வயலின். அன்றும் இதே மாதிரிதான், மேலே போனதும் என் பல் கூசியது. உன் கூட்டாளிகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். காது இல்லாதவன் கையில் வயலின் எதற்கு என்று உன் கையிலிருந்து வாங்கினேன். குல்கர்ணி என் தோளைத் தொட்டு, பையன் சரியாகத்தான் வாசிக்கிறான், விடுங்கள் என்று இந்தியில் சொன்னார். நான் பலகையில் உன் பெயரை அழிக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் நான் வாசித்தேன். நீ கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டினாய். வீட்டுக்கு வந்ததும் வயலினை நீயே பரணில் ஏற்றி வைத்தாய். நான் தடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாய், படித்தாய், நல்ல வேலைக்கும் போனாய். பார்த்தாயா, அவனுக்கு இதுதான் வரும் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

என் சங்கீதம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், ஷெரின் வீட்டாருக்குத் தெரியாது. திருநெல்வேலி ஐ.டி.ஐ. விடுதியில் மவுத் ஆர்கன் ஊதியதுதான் ஆரம்பம். வேலைக்குப் புனே வந்த பிறகு கிர்க்கியில் ஒரு தமிழ் வாத்தியாரிடம் மூன்று வருடம் வயலின். அவர் மாற்றலாகிப் போனதும் குல்கர்ணியிடம் ஆர்மோனியம். பிறகு புல்லாங்குழல், அப்புறம் கிதார், நீ பிறந்த வருடம் ஒரு கீபோர்டு. தளேகாவ் ஆலைக்கு லோனாவ்ளா லோக்கல் ரயிலில் போகும்போது மடியில் நோட்டை வைத்துக்கொண்டு மேல்நாட்டு இசைக்குறிப்பை நானாகவே படித்தேன். ஐந்து கோடு, அதில் தொங்கும் புள்ளிகள், எந்த மூன்று ஸ்வரம் சேர்ந்தால் என்ன சத்தம் என்று கோடு போட்டுக் கோடு போட்டு, தேஹு ரோடு ஸ்டேஷன் தாண்டியதே தெரியாமல் போன நாள் உண்டு. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று உன் அம்மா ஒவ்வொரு புது வாத்தியம் வரும்போதும் சொல்வாள். சிரித்துக்கொள்வேன். ஆனால் உள்ளே ஒரு ஆத்திரம் இருந்தது. கை எதிலும் முழுசாகத் தேறாதவனுக்குக் காதாவது தேறியிருக்கிறது என்று நம்பிக்கொள்ள ஆசை. என்னிடம் இருந்த ஒரே சொத்து காது என்று நினைத்தேன். அதை வைத்துத்தான் உன்னை எடை போட்டேன்.

அந்தக் காது எங்கே போனது என்று கேள். ஆலையில் நான் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். ஒவ்வொரு பிரஸ்ஸும் இரும்புத் தகட்டை அடிக்கும் அடியில் தரை அதிரும். எல்லாருக்கும் இயர் பிளக் கொடுப்பார்கள். நான் வலது காதில் மட்டும் வைத்துக்கொள்வேன், இடது காதைத் திறந்து வைத்திருப்பேன். ஏன் தெரியுமா? பிரஸ் அடிக்கும் ஓசையைக் கேட்டே அச்சு தேய்ந்துவிட்டதா, விரிசல் விட்டதா என்று சொல்லிவிடுவேன். மற்றவர்கள் மிஷினை நிறுத்திப் பிரித்துப் பார்க்க வேண்டியதை நான் பத்தடி தள்ளி நின்று, "மூணாம் நம்பர் சுருதி மாறிட்டு, பாருங்க" என்பேன். பிரித்தால் விரிசல் இருக்கும். மராட்டிக்காரப் பையன்கள் என்னை 'ஸங்கீத் ஸாஹேப்' என்று கூப்பிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி வரும்போது மட்டும் இடது காதிலும் அடைத்துக்கொள்வேன், அவர் முதுகைத் திருப்பியதும் எடுத்துவிடுவேன். இருபத்தாறு வருடம் அப்படி. ஒருத்தரும் கட்டாயப்படுத்தவில்லை. கெட்டிக்காரன் என்ற பேருக்காக நானே திறந்து வைத்த காது அது.

சரி, காது போனது தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். உன் அம்மாவும் அப்படித்தான் எழுதச் சொன்னாள். எழுத மாட்டேன், ஏனென்றால் அது பாதிதான் உண்மை. எனக்குச் சந்தேகம் வந்திருந்தது. நாலு வருடம் முன்பு ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக் கூட்டத்தில், குல்கர்ணி வீட்டில், நான் வயலின் வாசித்து முடித்ததும் அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடாமலே, "ஸாஹேப், வர்ச்சா ஸூர் தோடா உதர்தோய்" என்றார். மேல் ஸ்வரம் கொஞ்சம் இறங்குகிறது என்று அர்த்தம். மனுஷன் அதைச் சொல்ல எத்தனை வருடம் யோசித்திருப்பாரோ. மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்ததிலேயே தெரிந்தது, அவர் ஒருவர் கருத்து இல்லை அது என்று. நான் வீட்டுக்கு வந்து, அந்த ஆர்மோனியம் பழசு, கட்டையெல்லாம் ஏறிப்போச்சு, அதோடு எவன் வாசிப்பான் என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அது மட்டும் இல்லை. வயலினைச் சுருதி சேர்க்கும்போது தலையை வலது பக்கம் சாய்த்து வலது காதால் கேட்கப் பழகிக்கொண்டேன். எதற்காக அப்படிச் செய்கிறேன் என்று நானே என்னைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். இசைக் கணக்குப் படித்தது எனக்கு எதற்குப் பயன்பட்டது என்று இப்போது புரிகிறது. யார் வாசித்தாலும் ஏறிக் கேட்கும். உடனே அதற்கு ஒரு காரணத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பேன். ஒருவனுக்குப் பியானோ சரியில்லை, ஒருவனுக்கு ஆர்மோனியம் பழசு, உனக்குக் காது இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். அவள் வெறுமனே கோணல் என்றாள். நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்க் கோணலை நிரூபித்தேன்.

திங்கட்கிழமை காலை, உன்னைப் பொய்யன் ஆக்கத்தான் நான் உட்கார்ந்தேன். ஒத்திகையைப் போனில் பதிவு செய்திருந்தேன். சுருதி பார்க்கும் ஆப் ஒன்று போட்டு, உன் மேல் ஸா வரும் இடத்தை ஓடவிட்டால் முள் நட்ட நடுவில் நின்றது. ஆப் சரியில்லை என்று இன்னொன்று போட்டேன். அதிலும் நடுவில். என் கீபோர்டில் அதே ஸ்வரத்தைத் தட்டினேன். அதுவும் ஏறிக் கேட்டது. அடடா, கீபோர்டும் கெட்டுப் போச்சா என்று நான் சத்தமாகச் சொன்னது அடுப்படியில் இருந்த உன் அம்மா காதில் விழுந்திருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஸா எது ரி எது என்று தெரியாது.

"ஏங்க, போன் வந்தா எதுக்கு எப்பவும் வலது காதுலயே வைக்குதீய?" என்று கேட்டாள்.

பழக்கம் என்றேன்.

"டி.வி. பாக்கும்போதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் பாக்குதீய. நான் இடது பக்கம் நின்னு பேசினா என்னன்னு கேக்குதீய. நானும் நாலஞ்சு வருசமாப் பாக்கேன்."

சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் இடது காதைத் தன் உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். மஞ்சள் வாசனை அடித்தது. "இப்பப் போடுங்க" என்றாள். கீபோர்டைத் தட்டினேன். ஸ்வரம் சரியாக இருந்தது. கையை எடுத்து வலது காதை மூடினாள். தட்டினேன். அரைக்கால் ஸ்வரம் தூக்கிக்கொண்டு நின்றது. விரலை மாற்றவே இல்லை நான், ஒரே கட்டைதான். அவள் கையை மாற்ற மாற்ற ஸ்வரம் ஏறுகிறது, இறங்குகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது, இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

அவள் மெதுவாகத் தன் அலமாரியைத் திறந்து பழைய கேமராவை எடுத்துவந்தாள். பதினைந்து வருடம் முன்பு பந்தலில் நீ ஒத்திகை பார்த்ததை அவள் வீடியோவாகப் படம் பிடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கணபதி பலகைக்குப் பக்கத்தில் நீ நிற்கிறாய், அரைக்கால் சட்டை, ஒரு காலில் செருப்பு இல்லை. குல்கர்ணி தலையை ஆட்டுகிறார். அம்மா என் இடது காதை மறுபடி மூடினாள். கார்த்தி, நீ சரியாக வாசித்திருக்கிறாய். வில் கொஞ்சம் நடுங்குகிறது, தாளம் ஓரிடத்தில் ஓடுகிறது, அதெல்லாம் பதினாலு வயதுக்கு உள்ளது. ஆனால் அந்த மேல் ஸா அப்படியே இடத்தில் போய் உட்காருகிறது. குல்கர்ணி கண்ணை மூடுகிறார். அதற்குள் என் கை படத்துக்குள் வருகிறது, வயலினைப் பிடுங்குகிறது. படம் அங்கே நின்றுவிடுகிறது, அம்மா கேமராவை இறக்கியிருப்பாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எதற்கு இத்தனை வருடம் காட்டவில்லை என்று அவளிடம் கோபித்தேன். "காட்டுனா மட்டும்? கேமரா சரியில்லன்னு சொல்லியிருப்பீய" என்றாள். சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை கேம்ப்பில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது பக்கம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா காகிதத்தில் இரண்டு கோட்டைக் காட்டினாள். இரைச்சலில் அடிபட்ட காது மேல் ஸ்வரங்களைக் கூட்டிக் கேட்பது உண்டு, ஒரே சத்தத்தை இரண்டு காதும் இரண்டு உயரத்தில் கேட்கும், உங்களுக்கு இது வெகு காலமாக இருந்திருக்க வேண்டும் என்றாள். எத்தனை காலம் என்று நாலு தடவை கேட்டேன். இருபது வருடமாகக்கூட இருக்கலாம் என்றாள். வலது காதும் இறங்க ஆரம்பித்துவிட்டதாம். மிஷின் வைத்தால் பேச்சுக் கேட்கும், ஆனால் சத்தத்தைக் கூட்டத்தான் முடியும், ஸ்வரத்தைத் திருத்த முடியாது என்றாள். எனக்கு வந்ததைப் பற்றி நான் உன்னிடம் பரிதாபம் கேட்கவில்லை. அதற்கு வேறு நாள் இருக்கிறது.

நேற்று, புதன், உனக்குச் சொல்லாமல் ஷெரின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கதவைத் திறந்தார், உட்காருங்கள் என்று சொல்ல ஒரு நொடி தயங்கினார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காதுக் காகிதத்தைக்கூட எடுத்துக் காட்டினேன், சின்னப் பையன் மார்க் ஷீட்டைக் காட்டுவது மாதிரி. அவர் கேட்டுவிட்டு, "ஸச் போலூன், சம்பந்தி? உண்மையச் சொல்றேன், நாங்க வேற நெனச்சோம். உங்களுக்கு இந்த ரிஷ்தா, இந்தச் சம்பந்தமே பிடிக்கல, கிறிஸ்டியன் வீட்டுப் பொண்ணு வேணாம்னு மனசுல வெச்சுக்கிட்டு, பியானோ மேல கோவத்தக் காட்டுறீங்கன்னு நெனச்சோம். வீட்ல மூணு நாளா சாப்பாடு இறங்கல" என்றார். அப்படி ஒரு அர்த்தம் அதற்கு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். ஷெரின் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது ஷெரின் வந்தாள். அவளிடமும் கேட்டேன். அவள், "எனக்கு ஒண்ணுமில்ல அங்கிள். அவன் படுற பாட்டைத்தான் பாக்க முடியல" என்றாள்.

அவள் அடுத்துச் சொன்னதைத்தான் நான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வயலினைத் தொடவில்லை என்று நினைத்தேன். தொடுகிறாயாம். ஆப்பைத் திறந்து எதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்து முள்ளைப் பார்க்கிறாயாம். முள் நடுவில் நின்றாலும், "அப்பா சொன்னப்புறம் எனக்கும் ஏறுற மாதிரிதான் கேக்குது" என்கிறாயாம். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை தாள். என் காது போனது போகட்டும், நல்ல காதை நான் என் வாயால் கெடுத்துவிட்டுப் போகக்கூடாது. இன்னொன்றும் சொன்னாள். இரண்டு வருடம் முன்பு நீ அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பியானோவில் மேலே ஒரு கட்டை இறங்கியிருக்கிறது என்று சொன்னாயாம். அவள் நம்பவில்லை. சுருதி சேர்க்க வந்தவர் அதே கட்டையைத் தொட்டு அதையே சொன்னாராம். அன்றுதான் அவள் உன்னை வயலின் வாங்கச் சொல்லி நச்சரித்தாளாம். பதிமூன்று வருடம் ஒரு வாத்தியத்தையும் தொடாதவன் ஒரு கட்டை இறங்கியதைக் கேட்டிருக்கிறான். எனக்கு அது கேட்டிருக்காது.

கல்யாணத்துக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை குறைச்சல், ஆனாலும் வாய் சும்மா இருக்காது. உன் வீட்டில் உன்னைத் தப்பு என்று சொல்ல ஒரு ஆளாவது பயப்படாமல் இருக்க வேண்டும். உன் அம்மா நாலைந்து வருடம் பார்த்துக்கொண்டே இருந்தாள், சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன பாடுபடுத்துவேன் என்று அவளுக்குத் தெரியும். ஷெரின் கேட்கிறவள். அவள் கேள்வி கேட்கும்போது உன் குரல் உயர்ந்தால், அவள் சரியாகக் கேட்டுவிட்டாள் என்று புரிந்துகொள். நிறையப் படி, அந்த ஐந்து கோட்டையும் படி, நம் மேளகர்த்தா ராகங்களையும் படி, இரண்டும் எங்கே சேர்கிறது எங்கே பிரிகிறது என்று தெரிந்துகொள்வதில் இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் இல்லை, அதை நான் இப்போதும் மறுக்க மாட்டேன். ஆனால் படித்ததைத் தூக்கி இன்னொருத்தர் தலையில் போடாதே. உனக்குப் பிள்ளை பிறந்து அது எதையாவது வாசித்தால், முடியும்வரை கேள். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. வெறும் பானை சட்டியைத் தட்டினாலும் சரி, தட்டட்டும். இதெல்லாம் நான் செய்யாதது என்பதால்தான் சொல்கிறேன்.

குல்கர்ணியையும் இன்று காலை பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஆர்மோனியம் பழசு இல்லை என்று சொன்னேன். அவர் ஒன்றும் புரியாதது மாதிரி டீ கொண்டுவரச் சொன்னார். பெரிய மனுஷன். உன் கல்யாணத்துக்கு வருகிறார். பந்தலில் அன்று நீ வாசித்ததை முழுசாகக் கேட்கவில்லை, அந்த மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

ஆகவே நீ வாசிக்க வேண்டும். என்னை மன்னித்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும் என்று இல்லை, அது உன் சௌகரியம், மெதுவாக ஆகட்டும். ஆப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. முள்ளைப் பார்க்காதே, என் முகத்தையும் பார்க்காதே. என் முகம் சுளித்தால் அது பழக்கத்தில் சுளிப்பது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அம்மா இடது காதை மூடிக்கொள்ளச் சொல்கிறாள், டாக்டரம்மாவும் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்றாள். வைத்துக்கொள்ள மாட்டேன். நீ மேல் ஸாவுக்குப் போகும்போது எனக்கு அது தப்பாகத்தான் கேட்கும். கேட்டுக்கொண்டே, என் மகன் சரியாக வாசிக்கிறான் என்று நான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா